பெயர் தெரியாத விமானத்தில் ஏறலாமா?

2002 அக்டோபரில் சுவிட்சர்லாந்தின் விமானப் போக்குவரத்து அதிகாரிகள் ஒரு முடிவெடுத்தார்கள். ஃபிளாஷ் ஏர்லைன்ஸ் என்ற சின்ன எகிப்திய நிறுவனம் இனி தங்கள் நாட்டு வான்வெளிக்குள் வரக்கூடாது. சோதனையில் கண்ட பாதுகாப்புக் குறைகள்தான் காரணம். அந்த நிறுவனத்திடம் இருந்தவை மொத்தமே இரண்டு போயிங் 737 விமானங்கள். பக்கத்து நாடான பிரான்ஸில் அதே நிறுவனத்தின் விமானத்தில் போகும்படி டூர் பேக்கேஜ் வாங்கிய குடும்பங்களுக்கு இந்தத் தடை பற்றித் தெரிய வழியே இல்லை.

2004 ஜனவரி 3 அதிகாலை. செங்கடல் ஓரச் சுற்றுலா நகரமான ஷர்ம் அல் ஷேக்கில் புத்தாண்டு விடுமுறையைக் கழித்துவிட்டு ஊர் திரும்பிக்கொண்டிருந்தவர்களோடு கிளம்பிய ஃபிளாஷ் விமானம் சில நிமிடங்களில் கடலில் விழுந்தது. 148 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. பெரும்பாலோர் பிரெஞ்சுக்காரர்கள். விபத்துக்கு என்ன காரணம் என்பதில் எகிப்திய, பிரெஞ்சு, அமெரிக்க விசாரணையாளர்கள் கடைசிவரை ஒத்துப்போகவில்லை. சுவிஸ் தடைக்கும் விபத்துக்கும் நேரடித் தொடர்பு உண்டென்று யாரும் நிரூபிக்கவும் இல்லை. ஆனால், பக்கத்து நாட்டு அதிகாரிக்குத் தெரிந்த விஷயம் டிக்கெட் வாங்கியவனுக்கு ஏன் தெரியாமல் போனது என்ற கேள்வியை ஐரோப்பா அதன்பின் தள்ளிப்போட முடியவில்லை.

அடுத்த ஆண்டே இன்னொரு அடி. 2005 ஆகஸ்ட் 16 அன்று, கொலம்பியாவைச் சேர்ந்த வெஸ்ட் கரீபியன் ஏர்வேஸின் வாடகை விமானம் வெனிசுவேலாவில் நொறுங்கியது. இறந்த 160 பேரில் 152 பேர் பயணிகள். பிரான்ஸின் ஆட்சிக்கு உட்பட்ட மார்டினிக் தீவைச் சேர்ந்தவர்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் ஐரோப்பிய ஒன்றியம் சட்டம் கொண்டுவந்தது. 2006 மார்ச்சில் தடை செய்யப்பட்ட விமான நிறுவனங்களின் முதல் பட்டியல் வெளியானது. இன்றுவரை அது புதுப்பிக்கப்பட்டுக்கொண்டே இருக்கிறது. யார் வேண்டுமானாலும் இணையத்தில் காசில்லாமல் பார்க்கலாம்.

விடுமுறைக்கு வெளிநாடு கிளம்பும் தமிழ்க் குடும்பம் ஒன்று டிக்கெட் தேடும்போது இன்று திரையில் வரும் பெயர்களில் பாதி அதற்குப் புதியவை. தெரிந்த நிறுவனத்தின் விலையைவிடப் பல ஆயிரம் குறைவு; ஆனால் அந்தப் பெயரை வீட்டில் ஒருவரும் கேள்விப்பட்டதில்லை. அப்பா வேண்டாம் என்பார். கல்லூரி போகும் பையன் நட்சத்திர மதிப்பெண்களைக் காட்டுவான். இருவருமே தவறான இடத்தில் தேடுகிறார்கள். பெயர் பழகியதா என்பதற்கும் பாதுகாப்புக்கும் பெரிய சம்பந்தம் இல்லை. இணையத்து நட்சத்திரங்களில் பெரும்பாலானவை சீட்டின் அகலத்துக்கும் சாப்பாட்டின் ருசிக்கும் தாமதத்தின் கோபத்துக்கும் தரப்படுபவை. எஞ்சினை யார் சோதித்தார் என்பது சீட்டில் உட்கார்ந்தவருக்குத் தெரியாது.

முதலில் பயத்தை அதன் அளவில் வைத்துப் பார்ப்போம். உலக விமான நிறுவனங்களின் சங்கமான ஐயாட்டாவின் கணக்குப்படி 2024-இல் விமானங்கள் 4 கோடியே 6 லட்சம் முறை பறந்தன. உயிரிழப்பு நேர்ந்த விபத்துகள் ஏழு. விமானங்களுக்குள் இறந்தவர்கள் 244 பேர். அமெரிக்காவின் எம்ஐடி பேராசிரியர் ஆர்னால்ட் பார்னெட் பல பத்தாண்டுகளாக இதே கணக்கைப் போட்டு வருபவர். 1968 முதல் 1977 வரை மூன்றரை லட்சம் முறை விமானம் ஏறினால் ஒரு மரணம் என்று இருந்தது, 2018-2022 காலத்தில் 1 கோடியே 37 லட்சம் முறைக்கு ஒன்று என்று ஆகியிருக்கிறது. அவருடைய இன்னொரு ஆய்வு முடிவு தெரியாத பெயரைக் கண்டு தயங்குகிறவர்களுக்கு ஆறுதலானது: பணக்கார நாட்டு விமானமும் வளரும் நாட்டு விமானமும் ஒரே சர்வதேசத் தடத்தில் போட்டியிடும்போது, இரண்டின் பாதுகாப்புக் கணக்கிலும் சொல்லத்தக்க வித்தியாசம் இல்லை.

அப்படியானால் எதைத்தான் பார்ப்பது?

ஐரோப்பியப் பட்டியலைத் திறந்தால் விடை கிடைக்கும். அதில் தனி நிறுவனத்தின் பெயருக்காகத் தடை வாங்கியவை சிலவே. பெரும்பாலானவை நாட்டோடு சேர்த்துத் தடை செய்யப்பட்டவை. இந்த நாட்டில் உரிமம் பெற்ற எல்லா நிறுவனங்களுக்கும் தடை என்று அங்கே எழுதியிருக்கும். விமானத்தைச் சோதித்து, பைலட்டுக்கு உரிமம் தந்து, தவறினால் தரையில் நிறுத்த வேண்டிய அரசு அமைப்பு அந்த நாட்டில் தன் வேலையைச் செய்யவில்லை என்பதே அதன் பொருள். நம் ஊரில் அந்த வேலை டிஜிசிஏவினுடையது. கண்காணிப்பவர் தூங்கினால் நல்ல நிறுவனத்தையும் கெட்டதையும் வெளியிலிருந்து பிரித்தறிய வழியில்லை என்பது ஐரோப்பியர்களின் வாதம். கொஞ்சம் கடுமையானதுதான், ஆனால் நியாயமானது.

இந்தோனேசியாவை எடுத்துக்கொள்ளுங்கள். 2007 புத்தாண்டு நாளில் ஆடம் ஏர் விமானம் ஒன்று 102 பேரோடு கடலில் மறைந்தது. மார்ச் மாதம் யோக்யகர்த்தாவில் அரசு நிறுவனமான கருடாவின் விமானம் ரன்வேயைத் தாண்டி ஓடி எரிந்ததில் 21 பேர் இறந்தார்கள். ஜூலையில் ஐரோப்பா அந்நாட்டின் அத்தனை நிறுவனங்களையும் தடை செய்தது. கருடா முதலிய சில நிறுவனங்கள் இரண்டு ஆண்டில் வெளியே வந்தன. முழுத் தடையும் நீங்க 2018 ஜூன் ஆயிற்று.

அமெரிக்கர்களின் முறை வேறு. 1990 ஜனவரியில் கொலம்பியாவின் அவியாங்கா விமானம் எரிபொருள் தீர்ந்து நியூயார்க் அருகே விழுந்து 73 பேர் இறந்தார்கள். அதன்பின் 1992-இல் அமெரிக்க விமானத் துறையான எஃப்ஏஏ, தங்கள் நாட்டுக்கு விமானம் அனுப்பும் நாடுகளின் கண்காணிப்பு அமைப்புகளைத் தரம் பிரிக்கத் தொடங்கியது. அதில் இரண்டே வகை: முதல் வகை, இரண்டாம் வகை. தேர்வில் தோற்றவர்களுக்கு இரண்டாம் வகை. 2014 ஜனவரி 31 அன்று அந்த இரண்டாம் வகைக்கு இறக்கப்பட்ட நாடு இந்தியா. ஏர் இந்தியாவும் ஜெட் ஏர்வேஸும் அமெரிக்காவுக்கு ஒரு விமானம்கூடக் கூட்ட முடியாத நிலை 2015 ஏப்ரல் வரை நீடித்தது. அந்நிய நாட்டு ஏர்லைனைச் சந்தேகத்தோடு பார்க்கும் நாம், ஒரு காலத்தில் அதே சந்தேகக் கண்ணுக்கு ஆளானவர்கள்தான். ஐநாவின் விமானப் போக்குவரத்து அமைப்பான ஐசிஏஓ 2022-இல் நடத்திய தணிக்கையில் இந்தியாவின் மதிப்பெண் 69.95 சதவீதத்திலிருந்து 85.65 சதவீதமாக ஏறியது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கண்காணிப்பை ஒரு நாடு நினைத்தால் சரிசெய்யலாம். நினைக்காவிட்டால் பத்தாண்டுகளுக்கு மேலும் அப்படியே கிடக்கும்.

அப்படிக் கிடப்பது நேபாளத்தில். தமிழர்களுக்கு நேரடியாகத் தொடர்புள்ள விஷயம் என்பதால் இதைச் சற்று விரிவாகவே பார்க்கலாம்.

முக்திநாத்தை 108 திவ்ய தேசங்களில் ஒன்றான சாளக்கிராமமாகக் கொண்டு வைணவர்கள் யாத்திரை போகிறார்கள். சென்னையிலிருந்தும் திருச்சியிலிருந்தும் டூர் நடத்துகிறவர்கள் பலர். போக்ரா வரை ஒரு மாதிரிப் போய்விடலாம். அங்கிருந்து ஜோம்சோமுக்கு, சுமார் 20 நிமிடம் பறக்கும் சின்ன விமானம், அதன்பின் ஜீப். அன்னபூர்ணா, தவளகிரி என்ற இரண்டு எட்டாயிரம் மீட்டர் சிகரக் கூட்டங்களுக்கு நடுவே, காளி கண்டகி ஆற்றின் பள்ளத்தாக்கு வழியாகத்தான் அந்த விமானம் போக வேண்டும். ஜோம்சோம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,700 மீட்டர் உயரம். முற்பகல் தாண்டினால் பள்ளத்தாக்கில் காற்று சீறத் தொடங்கிவிடும். ஆகவே எல்லா விமானமும் காலையிலேயே. மேகம் இறங்கினால் அன்றைக்கு அவ்வளவுதான்.

2012 மே 14: அக்னி ஏரின் டார்னியர் விமானம் ஜோம்சோமில் இறங்கும் முயற்சியில் விழுந்தது. 21 பேரில் 15 பேர் இறந்தார்கள். விளம்பரங்களிலும் 'பா' படத்திலும் நடித்த சிறுமி தருணி சச்தேவும் அவருடைய தாயாரும் அதில் இருந்தார்கள். 2016 பிப்ரவரி 24: தாரா ஏரின் ட்வின் ஆட்டர், 23 பேரும் பலி. 2022 மே 29: அதே தாரா ஏர், அதே வகை விமானம், அதே பள்ளத்தாக்கு, 22 பேரும் பலி, அவர்களில் 4 பேர் இந்தியர்கள்.

இந்த மூன்றில் கடைசி இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 2016-இல் மோதிய விமானம் வாங்கிச் சில மாதங்களே ஆன புத்தம் புதியது. 2022-இல் மோதியது 1979-இல் கட்டியது. புதிய விமானமாகத் தேடிப் பிடித்து ஏறுவேன் என்று சொல்கிறவருக்கு இந்த மலை என்ன பதில் வைத்திருக்கிறது என்பது இதிலிருந்து தெரியும். கண்ணுக்கு எதிரே வழி தெரியாத மேகத்துக்குள், கண்ணால் பார்த்துப் பறக்க வேண்டிய தடத்தில் நுழைவதுதான் அங்கே ஆளைக் கொல்கிறது. நுழையாதே என்று கட்டிப்போடவேண்டியது கண்காணிப்பு அமைப்பு.

நேபாள நிறுவனங்கள் எல்லாவற்றையும் 2013 டிசம்பரில் ஐரோப்பா தடை செய்தது. அங்கே விமான நிலையங்களை நடத்திக் கட்டணம் வாங்குவதும் விமானப் பாதுகாப்பை மேற்பார்வையிடுவதும் ஒரே அமைப்பு. இரண்டையும் பிரியுங்கள் என்று பல ஆண்டுகளாகச் சொல்லியும் பிரிக்கவில்லை. 2023 ஜனவரி 15 அன்று, திறந்து இரண்டு வாரமே ஆன போக்ராவின் புதிய விமான நிலையத்தில் இறங்க வந்த எட்டி ஏர்லைன்ஸ் விமானம் விழுந்து 72 பேர் இறந்தார்கள். இறக்கையின் மடல்களை இறக்கும் நெம்புகோலுக்குப் பதிலாக, காக்பிட்டில் இருந்தவர் எஞ்சின் விசிறிகளின் விசையைப் போக்கும் நெம்புகோல்களைத் தவறுதலாக இழுத்துவிட்டார் என்று விசாரணை அறிக்கை சொல்கிறது. அந்த ஆண்டு ஐயாட்டாவின் உலகக் கணக்கில் உயிரிழப்பு ஏற்பட்ட விபத்து இது ஒன்றுதான்.

சரி, விமானமே வேண்டாம், போக்ராவிலிருந்து ஜீப்பில் போகலாம் என்றால் நேபாளத்து மலைப்பாதைகளும் மெத்தை விரித்தவையல்ல. 2024 ஆகஸ்டில் போக்ராவிலிருந்து காத்மாண்டு நோக்கிச் சென்ற பஸ் ஒன்று மர்ஸ்யாங்டி ஆற்றில் விழுந்து மகாராஷ்டிர யாத்ரிகர்கள் 27 பேர் இறந்தார்கள். ஆக, முக்திநாத் போகிறவருக்கு உகந்த யோசனை நிறுவனத்தைத் தேர்ந்தெடுப்பதில் இல்லை, நாள்கணக்கில் இருக்கிறது. போக்ராவில் இரண்டு நாளாவது கையில் உபரியாக இருக்க வேண்டும். இன்று போகாவிட்டால் டெல்லி விமானம் தவறிவிடும் என்று டூர் மேலாளரை நெருக்குகிற கூட்டமாக மட்டும் இருக்கக்கூடாது. வானிலை சரியில்லாத நாளில் கிளம்பும்படி ஒரு பைலட்டின் தலையில் ஏறும் அழுத்தத்தில் பயணிகளின் பங்கும் உண்டு.

நாட்டைப் பார்த்தாயிற்று. அடுத்து நிறுவனம். ஐயாட்டா 2003 முதல் நடத்தும் பாதுகாப்புத் தணிக்கை ஒன்று இருக்கிறது. ஐஓஎஸ்ஏ என்று அதைச் சொல்வார்கள். அந்தச் சங்கத்தில் உறுப்பினராக இருக்க அதில் தேற வேண்டும். ஒருமுறை தேறினால் போதாது, குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை மறுபடியும் தேற வேண்டும். தேறியவர்களின் பதிவேடு பொதுவில் இருக்கிறது. பெயரைத் தட்டினால் தெரிந்துவிடும். உறுப்பினராக இல்லாத பல மலிவு விலை நிறுவனங்களும் இந்தத் தணிக்கையைத் தாமாகவே செய்துகொள்கின்றன. ஒரு சர்வதேச ஜெட் நிறுவனம் இதில் இல்லையென்றால் ஏன் இல்லை என்று கேட்பது நியாயம். ஆனால் இந்தத் தணிக்கை 5,700 கிலோவுக்கு மேற்பட்ட விமானங்களை ஓட்டுகிறவர்களுக்கானது. ஜோம்சோம் போகும் ட்வின் ஆட்டரின் உச்ச எடை 5,670 கிலோ. முப்பது கிலோவில் தப்பித்துக்கொள்கிறது! எந்த வலையும் எல்லா மீனையும் பிடிக்காது.

விமானத்தின் வயதைப் பற்றி இன்னும் கொஞ்சம். பலரும் முதலில் கேட்பது இதைத்தான். 1988 ஏப்ரல் 28 அன்று ஹவாயில் அலோஹா ஏர்லைன்ஸின் 19 வயது போயிங் 737, நடுவானில் கூரையின் ஒரு பகுதியையே இழந்தது. பணிப்பெண் ஒருவர் தூக்கி எறியப்பட்டு இறந்தார். தீவுக்குத் தீவு தாவும் குட்டிக் குட்டிப் பயணங்களில் ஏறி இறங்கி, கிட்டத்தட்ட 90,000 முறை அந்த உடல் காற்றழுத்தத்தால் விரிந்து சுருங்கியிருந்தது. வயதைவிட அந்த எண்ணிக்கையும், விரிசலைக் கண்டுபிடிக்கத் தவறிய பராமரிப்பும்தான் குற்றவாளிகள். மறுபக்கம், 2018 அக்டோபர் 29 அன்று ஜகார்த்தா அருகே கடலில் விழுந்து 189 பேரைப் பலிகொண்ட லயன் ஏர் விமானம், நிறுவனத்தின் கைக்கு வந்து மூன்று மாதம்கூட முழுதாக ஆகாத போயிங் 737 மேக்ஸ். நல்ல பராமரிப்பில் இருபது வயது விமானம் கவலைப்பட வேண்டியதல்ல. பார்வைக்குப் பழசாக இருக்கும் சீட்டுத் துணியை வைத்து எஞ்சினை எடைபோடுவதும் வீண்.

பிரபலங்கள் போகிறார்களே என்ற நம்பிக்கையும் அதே ரகம். 2016 நவம்பரில் அர்ஜென்டினா கால்பந்து அணி, மெஸ்ஸி உட்பட, லாமியா என்ற சின்ன பொலிவிய நிறுவனத்தின் வாடகை விமானத்தில் பறந்தது. சில வாரங்கள்கூட ஆகவில்லை. நவம்பர் 28 அன்று பிரேசிலின் சப்பெகோயென்ஸி அணியை ஏற்றிக்கொண்டு அதே நிறுவனத்தின் விமானம் பொலிவியாவிலிருந்து கொலம்பியாவின் மெடலினுக்குக் கிளம்பியது. பயண நேரம் 4 மணி 22 நிமிடம். எரிபொருள் தாங்கும் நேரம் என்று திட்டத்தாளில் எழுதியிருந்ததும் 4 மணி 22 நிமிடம். ஒரு நிமிடம்கூட மிச்சமில்லை. மெடலினை நெருங்கும்போது எரிபொருள் தீர்ந்து மலையில் மோதியது. 77 பேரில் 71 பேர் இறந்தார்கள். விமானத்தை ஓட்டியவர் நிறுவனத்தின் உரிமையாளர்களில் ஒருவர். வழியில் இறங்கி எரிபொருள் நிரப்பும் செலவை மிச்சப்படுத்த நினைக்கும் முதலாளியும், இறங்கித்தான் ஆக வேண்டும் என்று சொல்லவேண்டிய பைலட்டும் ஒரே ஆளாக இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிட உதாரணம் தேவையில்லை.

ஃபிளாஷ், வெஸ்ட் கரீபியன், லாமியா மூன்றுமே அன்று ஓட்டியது வாடகைப் பயணம். கால அட்டவணைப்படி தினமும் பறக்கும் சேவையைவிட, ஒரு குழுவுக்காக மொத்தமாகப் பேசி எடுக்கும் சார்ட்டர் விமானத்தில்தான் பெயரைக் கேட்டுவைப்பது அவசியம். டூர் புத்தகத்தில் ஹோட்டலின் பெயர் இருக்கும், சாப்பாட்டுப் பட்டியல்கூட இருக்கும். விமானத்தின் பெயர் மட்டும் இருக்காது.

பெயர் இருந்தாலும் அது யாருடையது என்பது வேறு கதை. கிளாம்பாக்கத்தில் ஆம்னி பஸ்ஸுக்கு நின்றவர்களுக்கு இது புதிதல்ல: டிக்கெட்டில் ஒரு டிராவல்ஸ், வந்து நிற்கும் வண்டியில் வேறு டிராவல்ஸ். விமானத்திலும் கோட்ஷேர் என்ற ஏற்பாட்டில் ஒரு நிறுவனம் விற்கும் டிக்கெட்டுக்கு இன்னொரு நிறுவனத்தின் விமானம் வரும். வெட் லீஸ் என்பது அதற்கு மேல் ஒரு படி. விமானம், பைலட், பராமரிப்பு எல்லாவற்றையும் வேறொருவரிடமிருந்து மொத்தமாக வாடகைக்கு எடுத்துத் தன் பெயரில் ஓட்டுவது. 2023-இல் இண்டிகோ டெல்லியிலிருந்து இஸ்தான்புல்லுக்கு இப்படித்தான் டர்க்கிஷ் ஏர்லைன்ஸின் போயிங் 777-ஐப் பறக்கவிட்டது. அதில் தவறொன்றும் இல்லை. யாரிடம் எடுக்கிறார்கள் என்பதே கேள்வி. டிக்கெட்டில் பொடி எழுத்தில், இயக்குபவர் இன்னார் என்று ஒரு வரி இருக்கும். பெரிய எழுத்தில் உள்ள பெயரைவிட அந்த வரிதான் முக்கியம்.

ஒரே வண்ணம் பூசிய விமானங்களும் ஒரே நிறுவனத்துடையவை ஆகிவிடாது. ஏர் ஏசியா என்ற பெயரில் மலேசியா, தாய்லாந்து, இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ் என்று ஒவ்வொரு நாட்டிலும் தனித்தனி நிறுவனம், தனித்தனி உரிமம். 2014 டிசம்பர் 28 அன்று ஜாவா கடலில் 162 பேரோடு விழுந்தது இந்தோனேசியா ஏர் ஏசியா. அந்த ஞாயிற்றுக்கிழமை அந்தத் தடத்தில் பறக்கவே அதற்கு அனுமதி இல்லை என்று இந்தோனேசிய அரசு பிறகு சொன்னது. மாறாக, புதுப் பெயருக்குள் பழைய ஆளே இருப்பதும் உண்டு. திருச்சிக்காரர்களுக்கு நன்றாகப் பழகிய மலிண்டோ 2022-இல் பாத்திக் ஏர் ஆனது. சிங்கப்பூர் போகிறவர்கள் அறிந்த டைகர் ஏர் 2017-இல் ஸ்கூட்டோடு கலந்தது. ஸ்கூட் சிங்கப்பூர் ஏர்லைன்ஸுக்குச் சொந்தம். விமானத்தின் வால் பக்கம் எழுதியிருக்கும் பதிவு எண்ணைப் பார்த்தால் எந்த நாட்டுக் கண்காணிப்பில் அது இருக்கிறது என்று தெரியும். விடி என்று தொடங்கினால் இந்தியா, 9எம் என்றால் மலேசியா, 9வி சிங்கப்பூர், 4ஆர் இலங்கை, 9என் நேபாளம். ஃபிளைட்ரேடார்24 போன்ற செயலியில் முந்தைய நாட்களில் அதே எண் கொண்ட சேவைக்கு எந்த விமானம் வந்தது என்று வீட்டிலிருந்தே பார்த்துவிடலாம். கூடவே, எத்தனை மணி நேரம் தாமதமாக வந்தது என்பதும் தெரிந்துவிடும்.

உயிர்ப் பயத்தைப் பற்றி இவ்வளவு பேசினாலும், தெரியாத ஏர்லைனில் டிக்கெட் எடுத்தவர்களில் மிகப் பெரும்பாலோர் இழப்பது உயிரை அல்ல, பணத்தை. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் தவறான முடிவுகள் வருகின்றன.

தமிழ்நாட்டு மண்ணிலேயே எத்தனை நிறுவனங்கள் முளைத்துக் காய்ந்திருக்கின்றன! தொண்ணூறுகளில் சென்னையிலிருந்து பறந்த என்இபிசி 1997-இல் நின்றது. 2005-இல் தொடங்கிய பாரமவுண்ட், எம்பிரேயர் ஜெட்டுகளில் சொகுசு வகுப்பு என்று பெயர் வாங்கி, 2010-இல் நின்றது. கோவையின் ஏர் கார்னிவல் 2016-இல் தொடங்கி அடுத்த ஆண்டே மூடப்பட்டது. பெரிய பெயர்களும் தப்பவில்லை. 2012-இல் கிங்ஃபிஷர், 2019 ஏப்ரல் 17-இல் ஜெட் ஏர்வேஸ், 2023 மே 3-இல் கோ ஃபர்ஸ்ட். கோ ஃபர்ஸ்ட் முதல் நாள் திவால் மனு போட்டது, மறுநாள் விமானங்கள் நின்றன. பள்ளி விடுமுறைக் காலம். டிக்கெட் பணத்துக்காகக் காத்திருந்தவர்கள், வங்கிகளுக்கும் விமானங்களைக் குத்தகைக்கு விட்டவர்களுக்கும் பின்னால் நீண்ட வரிசையில் நின்றார்கள்.

திவால் திடீரென்று வருவதாகத் தோன்றும். ஆனால் மாதக்கணக்கில் செய்தி வந்துகொண்டேதான் இருக்கும். சம்பளம் தாமதம், குத்தகைக்கு விட்டவர்கள் விமானத்தைத் திரும்பக் கேட்பது, ரொக்கம் வைத்தால்தான் எரிபொருள் என்று எண்ணெய் நிறுவனங்கள் சொல்வது. பணத் தட்டுப்பாடு பாதுகாப்பையும் தொடும் இடம் இதுதான். 2022 ஜூலையில் ஸ்பைஸ்ஜெட்டுக்கு டிஜிசிஏ அனுப்பிய நோட்டீஸில், சப்ளையர்களுக்கு ஒழுங்காகப் பணம் தராததால் உதிரிபாகத் தட்டுப்பாடு ஏற்படுகிறது என்று வெளிப்படையாகவே எழுதியிருந்தது. அந்த மாதமே எட்டு வாரங்களுக்கு அதன் சேவைகள் பாதியாகக் குறைக்கப்பட்டன. ஆகவே ஒரு நிறுவனத்தின் பெயரோடு சம்பளப் பாக்கிச் செய்தி சேர்ந்து வந்தால் அதைப் பொருளாதாரப் பக்கத்துச் செய்தி என்று தள்ளிவிடக் கூடாது.

பெரிதாக இருப்பதும் காப்பல்ல. 2025 டிசம்பர் முதல் வாரத்தில், பைலட்டுகளின் ஓய்வு நேர விதிகளுக்கு ஏற்பத் திட்டமிடத் தவறிய இண்டிகோ ஒரே நாளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட விமானங்களை ரத்து செய்தது. அதே ஆண்டு ஜூன் 12 அன்று அகமதாபாத்தில் விழுந்து, உள்ளே இருந்த 242 பேரில் 241 பேரைப் பலிகொண்டது இந்தியர் ஒவ்வொருவரும் அறிந்த ஏர் இந்தியாவின் விமானம்.

சின்ன நிறுவனத்தில் உள்ள தனிச் சங்கடம் எண்ணிக்கை. நான்கு விமானங்களை வைத்துக்கொண்டு வாரத்துக்கு இரண்டு சேவை நடத்துகிறவரின் ஒரு விமானம் பழுதானால், மாற்று விமானம் இல்லை. அடுத்த சேவை மூன்று நாள் கழித்து. கோலாலம்பூரில் இறங்கி வேறு டிக்கெட்டில் ஆஸ்திரேலியா போகிறவர் முதல் விமானம் தாமதமானதற்கு இரண்டாவது நிறுவனத்திடம் நியாயம் கேட்க முடியாது. இரண்டு டிக்கெட் என்றால் இரண்டு ஒப்பந்தம். மலிவாகக் கிடைத்த தொகை அங்கே ஒரே இரவில் கரைந்துவிடும். திருமணத்துக்கும் வேலையில் சேரும் நாளுக்கும் விசா முடியும் நாளுக்கும் இப்படிப்பட்ட டிக்கெட் ஆகாது. ஒரு வாரம் முன்பின் ஆனாலும் பரவாயில்லை என்கிற சுற்றுலாவுக்குத் தாராளமாக எடுக்கலாம்.

பணம் கட்டும் வழியும் முக்கியம். கிரெடிட் கார்டில் கட்டினால், சேவை கிடைக்காதபோது வங்கியிடம் முறையிட்டுத் தொகையைத் திரும்பக் கேட்க வழி உண்டு. ஏஜென்ட்டிடம் ரொக்கமாகக் கொடுத்ததற்கு அந்த வழி இல்லை. பயணக் காப்பீடு இருக்கிறதே என்பார்கள். நிறுவனமே திவாலானால் எல்லா பாலிசியும் ஈடு தராது. வாங்கும்போதே அந்த ஒரு வரியைத் தேடிப் பார்க்க வேண்டும். சர்வதேசப் பயணத்தில் உயிரிழப்புக்கும் பெட்டி இழப்புக்கும் நிறுவனத்தின் பொறுப்பை மான்ட்ரியல் உடன்படிக்கை வரையறுக்கிறது. இந்தியா 2009-இல் அதில் சேர்ந்தது. கைக்கு வரும் பணம் உள்நாட்டுத் தடங்களில் நாட்டுக்கு நாடு மாறும்.

முடிவாகப் பார்த்தால், கண்காணிப்பு ஒழுங்காக உள்ள ஒரு நாட்டின் உரிமம் பெற்று, ஐரோப்பியத் தடைப் பட்டியலில் இல்லாமல், தணிக்கைப் பதிவேட்டில் பெயரும் உள்ள நிறுவனத்தில், அதன் பெயரை உச்சரிக்கவே வராவிட்டாலும் ஏறலாம். தடை செய்யப்பட்ட நாட்டில், மலைத் தடத்தில், சின்ன விமானத்தில் போயே ஆக வேண்டும் என்றால் காலை நேரமும் உபரி நாட்களும் வேண்டும். யாருடையது என்று கடைசிவரை சொல்லாத சார்ட்டர் விமானத்தில் ஏறவே கூடாது.

ஐரோப்பாவில் டிக்கெட் விற்பவர், எந்த நிறுவனத்தின் விமானத்தில் பயணி பறக்கப்போகிறார் என்பதை முன்கூட்டியே சொல்ல வேண்டும் என்று 2005-இல் கொண்டுவந்த அதே சட்டம் கட்டாயப்படுத்துகிறது. நிறுவனம் மாறினால் உடனே தெரிவிக்கவும் வேண்டும். நம் ஊரில் கேட்டால்தான் சொல்வார்கள். காசி, முக்திநாத், உம்ரா, பாலி என்று எந்தக் குழுப் பயணத்துக்கும் முன்பணம் கொடுப்பதற்கு முன்னால், ஒவ்வொரு விமானத்தையும் இயக்கப்போகும் நிறுவனத்தின் பெயரை வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பச் சொல்லுங்கள். எழுதித் தரத் தயங்குகிறவரிடம் பணம் கட்டாதீர்கள்.